நிம்மதிக்கு விருது இல்லை

ஆண்டு விழாவில் சிறந்த வீராங்கனை என்று தன் பெயரை அறிவித்ததும், தமயந்தி நம்பமுடியாமல் பக்கத்திலிருந்த பியூலாவைப் பார்த்தாள். தமயந்தி கோல்கீப்பர். அந்த ஆண்டு முப்பத்தொரு கோல் விட்டிருந்தாள். பியூலா ஆறு வருடமாக அவளுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடியவள்.

வடசென்னையின் அந்தக் கால்பந்துக் கழகத்தில் விருதைப் பார்வையாளர்களின் இதயத்துடிப்புதான் தீர்மானிக்கும். ஒவ்வொருவர் கையிலும் துடிப்பை அளக்கும் பட்டை கட்டித்தான் மைதானத்துக்குள் விடுவார்கள். பந்து யாரிடம் போனால் துடிப்பு எகிறுகிறதோ, அவருக்குக் கோப்பை. பியூலாவிடம் போனால் துடிப்பு இறங்கியது. பட்டியலில் அவள்தான் கடைசி. கடைசியாக வருபவருக்கு அடுத்த ஆண்டு அணியில் இடமில்லை.

பியூலா எழுந்து நின்றாள். "தலைவரே, பந்து எங்கிட்ட வந்தா ஜனம் நிம்மதியா மூச்சு வுடுது. அதுக்கா என்னைத் தொரத்துறீங்க?"

கழகத் தலைவர் மைக்கிலேயே சிரித்தார். "நிம்மதி வேணும்னா வூட்லயே இருக்கலாமேம்மா. கிரவுண்டுக்கு ஏன் வரணும்?"

அரங்கம் கைதட்டியது. பியூலா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். கோப்பையை வாங்காமலே தமயந்தி வாசல்வரை ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"யக்கா, முன்னால நீ இல்லாம நான் எப்டி நிப்பேன்? இப்பவே ஒவ்வொரு மேட்சுலயும் எனக்குக் கை நடுங்குது."

"தெரியும்டி." கோபத்தில் பியூலாவின் குரல் உடைந்தது. "அந்த நடுக்கத்தைப் பாக்கத்தான் அவங்க வராங்க."