சரியான ஸ்பானர்

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்ததுமே அவள் வந்து நின்றாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. "ஆளெல்லாம் வேண்டாம், நானே பாத்துக்கிறேன்" என்று கணவர் ஸ்பானர் வாங்க அனுப்பியிருந்தார்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "இது நட்டு அளவுக்குக் கச்சிதமா உட்காரும்மா. அது விலை கம்மி, ஆனா வழுக்கும். நட்டு முனையெல்லாம் மழுங்கிடும். அப்புறம் பிளம்பர்தான் வரணும்."

"கண்டிப்பா வரணுமா?"

"வேற வழியே இல்ல."

"அப்ப அதையே கொடுங்க."

சற்று நேரத்தில் நட்டு உருண்டையாகிவிட்டது. குழாய் முன்பைவிட வேகமாக ஒழுகியது. மைத்துனன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று ஐந்து வருடமாக முறுக்கிக்கொண்டு திரிந்தவர், நனைந்த பனியனோடு தொண்டையைச் செருமினார்.

"உன் தம்பி இன்னும் பிளம்பிங் வேலைதான் பாக்குறானா?"