சாவைச் சொல்லும் விதம்

நோயாளியின் சாவை உறவினரிடம் எப்படிச் சொல்வது என்று மருத்துவக் கல்லூரியின் கோடை முகாமில் பிளஸ் ஒன் மாணவி சண்முகப்பிரியாவுக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். வீட்டில் அந்த உறவினராக நடிப்பவள் அம்மா சௌந்திரம்.

அன்று மாலையும் மகள் வந்ததும் வராததுமாகக் கையைப் பிடித்து உட்காரவைக்க, சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது.

"எழவு சொல்லிப் பழக நாந்தான் கெடைச்சனா சாமி? செரி, சொல்லு."

"மனசைத் திடப்படுத்திக்குங்கம்மா. போர்வெல் போடுற ரிக் லாரி கவுந்துருச்சு. டாக்டருங்க எவ்வளவோ பார்த்தாங்க. இறந்துட்டாருங்க."

"இன்னைக்குச் சிரிக்காமச் சொல்லிட்டே, டாக்டராயிருவே போ. ஆனா ரிக் லாரி வேண்டாஞ் சாமி, உங்கப்பா அதுலதான் போயிருக்காரு. வேற வண்டி சொல்லு."

சண்முகப்பிரியா பிடித்த கையை விடவில்லை.

"ரிக் ஓனர் எனக்குத்தான் போன் பண்ணுனாருங்கம்மா. நம்ம அப்பாதானுங்க."