பூதம் வந்தார்

"பூனை பால் குடிச்சிட்டார். நாற்காலி உடைஞ்சிட்டார். தாத்தா இன்னும் தூங்குது."

வேலைக்குப் போயிருந்த அம்மாவுக்குப் போனில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள் பேத்தி.

போர்வைக்குள் விழித்தபடி படுத்திருந்த கிரேன்காரருக்கு ரத்தம் கொதித்தது. துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கால் உடைந்த நாற்காலிக்கு 'ர்'. அவருக்கு 'து'.

"ஏன்டி, எனக்கு மட்டும் என்ன 'தூங்குது'?"

"நீ என்ன பூதமா? நீ எங்க தாத்தாதானே."

எல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்த வினை. 'சளி பிடித்த பூதம்' என்று பெயர். கதையில் ஒரு பூதம் பரண்மேல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யாராவது வாய் தவறி 'அது' என்று சொல்லிவிட்டால், சொன்னவர் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 'அவர்' என்று மனதாரச் சொன்னால்தான் விடும். படித்த பிள்ளைகள், எதற்கு வம்பு என்று, கண்ணில் பட்டதையெல்லாம் 'அவர்' ஆக்கிவிட்டார்கள்.

"சம்பந்தி திட்டம் போட்டுத்தான் இதை வாங்கிக் கொடுத்திருக்காரு" என்றார் மனைவியிடம்.

"குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசு. அதுல என்ன திட்டம்?"

"கல்யாணத்துல போட்டோக்காரன்கிட்ட என்ன சொன்னாரு? 'கிரேன் ஓட்டுறது எங்க போச்சு, கூப்பிடு'ன்னாரு. எங்க போச்சாம். நான் என்ன, காணாமப் போன செருப்பா?"

"பேத்தியே பிறந்து பள்ளிக்கூடம் போறா. இன்னுமா அதைத் தூக்கிக்கிட்டு அலையறீங்க?"

"கொள்ளுப்பேத்தி வந்தாலும் இறக்கி வைக்க மாட்டேன்."

அந்த வாரமே நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு ஒரு வாசகர் கூட்டம் நடப்பதாகவும், யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றும் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கிரேன்காரர் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார்.

"கிழிச்சுத் தொங்க விட்டுட்டு வரேன், பாரு."

மனைவியும் கூடக் கிளம்பினாள்.

கூட்டம் சிறுவர் பிரிவில். குட்டி நாற்காலிகள். உட்கார்ந்தால் கிரேன்காரரின் முழங்கால் மோவாயில் இடித்தது.

முதலில் பஸ் கண்டக்டர் பேசினார். "இப்பல்லாம் பசங்க படியில தொங்குறதில்ல. 'அவருக்கு வலிக்கும்'னு உள்ள வந்துடுறாங்க. நான் கத்திக் கத்தி நடக்காதது."

கணக்கு டீச்சர் எழுந்தார். "பூஜ்ஜியத்துக்கு மதிப்பு இல்லைன்னு சொன்னேன். 'அவர் மனசு கஷ்டப்படும், மெதுவா சொல்லுங்க டீச்சர்'னு ஒரு பொண்ணு சொல்லிட்டா."

பல் டாக்டர் பெருமூச்சு விட்டார். "'பல் அவராவே போறேன்னு சொல்றார், பிடுங்காதீங்க'ன்னு ஒரு பையன் கையைப் பிடிச்சுக்கிட்டான். அப்புறம் எங்க பிடுங்குறது?"

கிரேன்காரர் எழுந்தார். குட்டி நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. மனைவி அதைப் பிடித்து இழுத்து விட்டாள்.

"நானும் இதைப் படிச்சேன்."

"முழுசாவா?" என்று கேட்டார் நூலகர் அம்மா.

"ரெண்டு தடவை. குத்தம் கண்டுபிடிக்க."

"கிடைச்சுதா?"

"கடைசியில பூதம் பரணைவிட்டு இறங்கிப் போற இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வயசானவங்களை அழ வைக்கிறது மொதல் குத்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். கிரேன்காரர் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது, மனுஷனுக்குக் கொடுக்க வேண்டியதைத் தூக்கிப் பூதத்துக்குக் கொடுத்திருக்கு. என்னை ஒருத்தர் சபையில வச்சு 'அது'ன்னு சொன்னாரு. அன்னைக்குக் கல்யாணச் சாப்பாடு தொண்டையில இறங்கல. மனுஷனை 'அது'ங்கிறவன் எவனா இருந்தாலும் அவன் நாக்குதான் ஒட்டிக்கணும். அப்படி மாத்தி எழுதச் சொல்லுங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கண்டக்டர் விசில்கூட அடித்தார்.

நூலகர் அம்மா கிரேன்காரரின் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "நீங்களும் ஏதாவது சொல்லுங்கம்மா."

மனைவி எழுந்திருக்கப் போனாள். கிரேன்காரர் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"அது என்னத்தைச் சொல்லும்? சும்மா துணைக்கு வந்திருக்கு."

கூட்டம் கப்சிப் என்று ஆனது. பல் டாக்டர் தலையைச் சாய்த்து அவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

தன்னுடைய பேச்சுதான் எல்லோரையும் வாயடைக்க வைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் கிரேன்காரர்.

வெளியே டாக்சிக்குக் காத்து நிற்கும்போதும் அதே பெருமைதான்.

"பாத்தியா? ஒருத்தன் மூச்சு விடலை."

மனைவி கையைக் காட்டினாள். டாக்சி வந்து நின்றது.

"எத்தனை பேரும்மா?"

"நான் ஒருத்தி. கூட ஒண்ணு இருக்கு" என்றாள் மனைவி, பின்கதவைத் திறந்துகொண்டே. "இது முன்னால உக்காந்துக்கும். முட்டி வலி, காலை நீட்டிக்கணும் அதுக்கு."

கிரேன்காரர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம் சார் போகணும்?" என்று கேட்டார் டிரைவர்.

டிரைவர் மறுபடியும் கேட்டார்.

தெரு முனை வந்த பிறகுதான் நாக்கு விட்டது.

"பின்னால அவங்க இருக்காங்க. அவங்களைக் கேளுங்க."