கல்லறையில் பதவி உயர்வு

"கர்னலை எடுத்துடு, விலிம்."

கல் தச்சன் விலிம் கல் இழைக்கும் கிரைண்டரை நிறுத்தினான்.

"எடுத்துட்டு என்ன போடணும்? ஜெனரலா?"

"ஒண்ணும் போட வேண்டாம். பேரும் பிறந்த வருஷமும் இருந்தா போதும்."

திஹோமிர் கோலாரிச் பேசுகிற பேச்சா இது!

திராவா நதிக்கரையில் இருக்கும் தோபோலிக் என்ற ஊரில், உயிரோடிருக்கும்போதே கல்லறை கட்டி, இறந்த வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டுவைப்பது பலருக்கும் வழக்கம். ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் அந்தக் கல்லில் பதவி உயர்வு வாங்கியவர் திஹோமிர் ஒருவர்தான். போர் முடிந்தபோது கேப்டன். மேயருக்கு நின்றபோது மேஜர். நாடாளுமன்றத்துக்கு நின்றபோது கர்னல். யார் கொடுத்தது என்று கேட்டால், "மக்கள்" என்பார்.

இடையில் கட்சியும் நாலு மாறினார். ஒவ்வொரு தடவையும் விலிம்தான் இழைத்து, அழித்து, செதுக்கித் தருவான். மூடுகல்லில் அந்த இடம் குழிந்தே போய்விட்டது. மழை பெய்தால் குருவிகள் வந்து குளிக்கும்.

கல்யாண வீட்டுக்குக்கூடப் பதக்கங்களோடு போகிறவர். நகரசபைக் கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காரர் தலையில் கெண்டை மீனால் அடித்து வழக்கு வாங்கியவர். எதற்கும் அசையாத மனுஷன், இந்த வாரம் வசமாக மாட்டிக்கொண்டார்.

அந்தப் போரில் நடந்த பாலத்துச் சண்டையில் தன் படையில் பத்துப் பேர் இறந்ததாக அன்று எழுதிக் கொடுத்தவர் அவர். அன்றைய மருத்துவக் குறிப்பேட்டில் ஒன்பது உடல்கள்தான் கணக்கு என்று ஒரு பத்திரிகை தோண்டி எடுத்துவிட்டது. அதில் பெயர்கள் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். அப்படியானால் அந்தப் பொய்யான பத்தாவது வீரன் யார்? பேரைச் சொல், இல்லையென்றால் இந்தத் தேர்தல் போட்டியிலிருந்து விலகு என்று கட்சி கெடு வைத்தது.

ஊரிலேயே அதிகம் கொதித்தது விலிம்தான். கல்லறைத் தோட்டத்து வாசலில் நிற்கும் நினைவுத் தூணில் அந்தப் பத்துப் பெயர்களையும் செதுக்கியவன் அவன். மூன்றாவது பெயர், அவன் தம்பி பெரிஸ்லாவ்.

"எடுக்கறேன், கர்னல் ஐயா. முதல்ல அந்தப் பேரைச் சொல்லுங்க."

"விலகிட்டேன்ப்பா. காலையில எழுதிக் குடுத்துட்டேன்."

"பதவியே போனாலும் பேரைச் சொல்ல மாட்டீங்க! அவன் என்ன உங்க மச்சானா? எவனோ ஒரு பயந்தாங்கொள்ளி பேரு என் தம்பி பேரோட ஒட்டிக்கிட்டு நிக்குது. முப்பது வருஷமா அவனுக்கும் சேத்து நான் விளக்கேத்தறேன்!"

திஹோமிர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். மைக் கிடைத்தால் மூன்று மணி நேரம் விடாதவர்.

"நாளன்னைக்குப் புனிதர்கள் திருநாள். ஊரே விளக்கோட வரும். அதுக்குள்ள முடிச்சுடு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

விலிம் 'கர்னலை' ஆசை தீர இழைத்தான். தூசி பறந்தபோது மனசு குளிர்ந்தது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதும் வாய் ஓயவில்லை.

"ஒழிஞ்சான் அந்தக் கர்னல், யாகொதா! பொய்யா எழுதினான் இல்ல? என் கையாலேயே அழிச்சேன்."

அவன் மனைவி யாகொதா பீன்ஸ் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உன் தம்பி செத்தப்ப நீ எங்க இருந்த?"

"தெரியாத மாதிரி கேக்கற. ஜெர்மனியில கல் உடைச்சுக்கிட்டு இருந்தேன். வந்து சேர்றதுக்குள்ள நீங்க அடக்கம் பண்ணிட்டீங்க."

"அவனைக் குளிப்பாட்டினது யாரு?"

"நீதான்."

"உடம்புல ஒரு கீறல் இல்ல, விலிம். ராக்கியாச் சாராய நாத்தமும் ஆத்துச் சேறும்தான் இருந்துச்சு."

விலிம் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தான்.

"சண்டைக்கு முதல் நாளே காவலை விட்டு ஓடிட்டான். குடிச்சுட்டு, மில்லுகிட்ட தண்ணியில விழுந்து கிடந்தான். நீ ஒழிஞ்சான்னு சொல்ற அந்த மனுஷன்தான் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாரு. உங்கம்மா முகத்தைப் பாத்தாரு. 'பாலத்துலன்னு எழுதிக்கறேன். நீயும் வாயைத் திறக்காத'ன்னு என்கிட்ட சொன்னாரு. இன்னிக்கு வரைக்கும் அவரும் திறக்கல. நீ இப்படி ஆட்டம் போடலைன்னா நானும் திறந்திருக்க மாட்டேன்."

விலிமுக்கு அவமானமாக இருந்தது. தம்பியை நினைத்தா, காலையில் தான் பேசிய பேச்சை நினைத்தா என்று அவனுக்கே தெரியவில்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு உளியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

திருநாளன்று ஊரே விளக்கும் சாமந்தியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் கூடியது. திஹோமிரின் கல்லைச் சுற்றித்தான் பெரிய கூட்டம். நடுவில் அவரே வாய் பிளந்து நின்றார்.

கல்லில், முன்பைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், 'ஜெனரல் திஹோமிர் கோலாரிச்' என்றிருந்தது.

காபிக் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போட்டியிலேர்ந்து ஓடினவருக்கு ஜெனரல் பதவியா! இந்தத் தடவை யாருய்யா குடுத்தது? மக்களா?"

திஹோமிர் கூப்பிடு தூரத்தில் இருந்த வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

வாசலில், தூணின் அடியில் பத்தாவது விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு விலிம் நிமிர்ந்தான்.

"நான்தான் குடுத்தேன்" என்றான்.