சோற்றுச் சீட்டு

ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாளும் முத்துப்பேச்சி வெறும் தண்ணீரைக் குடித்தே ஓட்டினாள். உடம்பு தேறிவிட்டது என்று தெரிந்தால் டாக்டர் சீட்டை நிறுத்திவிடுவாரே என்ற பயம். ரத்தசோகைக்கு மாத்திரையோடு சாப்பாட்டையும் சேர்த்து டாக்டர் எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டைக் காட்டித்தான் ஒன்பது மாதமாக ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் அரிசியும் பருப்பும் முட்டையும் வாங்குகிறாள். மூன்று பிள்ளைகளும் வயிறாரச் சாப்பிடுகின்றன.

"பன்னெண்டு," என்றார் டாக்டர் நஸ்ரின். "ரத்தம் நல்லா ஏறியிருக்கும்மா."

முத்துப்பேச்சி மேசையை ஒட்டி நகர்ந்தாள். "கொறச்சு எழுதிருங்க டாக்டரம்மா. ஒம்பதுன்னு போட்டாப் போதும்."

டாக்டர் அவளுடைய காய்ந்த உதட்டைப் பார்த்தார். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"மூணு நாளாச்சு."

டாக்டர் சீட்டை எடுத்து, இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் கோடு போட்டு அடித்தார். அரிசி, பருப்பு, முட்டைக்கு நேராக, எத்தனை நாளைக்கு என்ற கட்டத்தில் 'தொடர்ந்து' என்று எழுதினார்.

"நோய் போனா மருந்தத்தான் நிறுத்துவோம். தெம்பு வந்துட்டுன்னு யாராவது சோத்த நிறுத்துவாங்களா?"

கவுண்டரில் கொடுத்த அவித்த முட்டைகளில் ஒன்றை, பிள்ளைகளுக்கென்று முடிந்து வைக்காமல், ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து முத்துப்பேச்சி நிதானமாகத் தின்றாள்.