துரு பிடிக்காமலிருக்க

அழுத்தினாள். வரவில்லை.

டப்பாவைக் குலுக்கினாள். உள்ளே மருந்து தளும்பும் சத்தம் நன்றாகவே கேட்டது. மறுபடி அழுத்தினாள்.

சொட்டுகூட இல்லை.

அடுத்த டப்பா. அதுவும் அப்படியே. மூன்றாவது, நான்காவது. பன்னிரண்டையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டாள். ஒன்றுக்கும் வாய் திறக்க மனமில்லை.

மேஜையில் நாற்பது ஷாஃப்ட்டுகள் துணிமேல் படுத்திருந்தன. தண்ணீர் பம்புக்குள் சுழலப் போகிறவை. கடைந்து, தேய்த்து, முகம் பார்த்துப் பவுடர் போடலாம் போல வைத்திருந்தாள். வெறும் விரல் பட்டால் போதும், மறுநாள் அந்த ரேகை துருவாக எழுந்து நிற்கும். அதற்குத்தான் இந்த ஸ்ப்ரே. அடித்தால் மெல்லிசாகப் படிந்துகொண்டு ஈரத்தை அண்டவிடாது.

வெளியே ஆவாரம்பாளையத்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் பட்டறையில் லேத் ஓட்டியவள். ஆறு மாதத்துக்கு முன்புதான் சொந்தமாக இரண்டு லேத் போட்டாள். இது பம்பு கம்பெனி நம்பிக் கொடுத்த முதல் ஆர்டர். மூன்று மணிக்கு வேன் வரும். அங்கே சரக்கைச் சோதித்து வாங்குகிற வேலாயுதம் சார், ஒன்றில் புள்ளி துரு கண்டாலும் நாற்பதையும் திருப்பி அனுப்புகிற ஆள். திரும்பி வந்தால் அடுத்த ஆர்டர் கிடையாது. எண்ணெய் தடவி அனுப்பலாமென்றால் அதுவும் ஆகாது. ஸ்ப்ரேதான் அடிக்க வேண்டும் என்று தாளில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.



டப்பா விற்ற கடைக்காரர் சென்னியப்பனைப் போனில் பிடித்து வெளுத்து வாங்கினாள். காலாவதியான சரக்கைத் தலையில் கட்டினீர்களா என்று தொடங்கி, பொம்பளை பட்டறை என்றால் இளப்பமா என்பதில் வந்து நின்றாள். நல்ல சரக்குங்க என்று அவர் மூன்று தரம் ஆரம்பித்தார். மூன்று தரமும் பாதியில் வெட்டினாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு மட்டும் என்ன, கூடுதலாகவா கொடுத்திருக்கிறது?

கால் மணி நேரத்தில் அவரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அறுபது வயது மனிதர். தூறலுக்குத் தலையில் பிளாஸ்டிக் பை. கையில் ஒரு டப்பா. புதுசு இல்லை, தன் கடை ஷட்டருக்கும் பூட்டுக்கும் அவர் அடித்துக்கொண்டிருப்பது. அதே கம்பெனி, அதே பெட்டியில் வந்த சரக்கு. கண்ணால் பார்த்துக்கொள் என்று அவளை நிற்க வைத்து, சுவரைக் குறிபார்த்து அழுத்தினார்.

வரவில்லை.

மறுபடி அழுத்தினார். முகம் தொங்கிப்போயிற்று. அந்த நிலையிலும் அவளுக்கு அற்பமாக ஒரு சந்தோஷம் வந்தது.

அவர் டப்பாவைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வரிசையில் நின்ற அவளுடைய டப்பாக்களைக் குனிந்து பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, எங்கூட்டுக்காரியும் இங்கதானுங்க பொட்டு வெச்சிருக்கறா."

அழுத்துகிற பொத்தானின் முன்பக்கம். மருந்து பீய்ச்சுகிற ஓட்டையின் மேலேயே. காய்ந்து இறுகிய சந்தனம், நடுவில் குங்குமம்.

நேற்று ஆயுத பூஜை.

சொந்தப் பட்டறையில் முதல் பூஜை. லேத்துக்கு வைத்தாள், அளவெடுக்கிற வெர்னியருக்கு வைத்தாள், துடைப்பத்தைக்கூட விடவில்லை. டப்பாக்கள் மூடியோடு இருந்தன. மூடிக்கு வைத்தால் மூடிக்குத்தானே சேரும் என்று பன்னிரண்டையும் திறந்து, நெற்றி மாதிரி தெரிந்த இடத்தில், பக்தியாக அவளே வைத்தது. இன்று பட்டறையில் பொட்டில்லாத சாமான் இல்லை. அதனாலேயே பொட்டு கண்ணில் படவில்லை.

முதலில் சிரித்தது அவர்தான். அவள் அடக்கிப் பார்த்தாள். முடியாமல் லேத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி ஓட்டையில் குத்தினாள். பொறுமை இல்லை. முதல் டப்பாவை நேராக ஷாஃப்ட்டின் மேலேயே நீட்டி அழுத்தினாள். ஒரு துப்பு துப்பிவிட்டு, புஸ்ஸென்று சீறிக்கொண்டு வந்தது. என்ன அருமையான சத்தம்! அவர் துணி சுற்றிப் பிடித்து ஷாஃப்ட்டை உருட்டிக் கொடுக்க, அவள் அடித்துக்கொண்டே போனாள். போனில் ரொம்பப் பேசிவிட்டேன் என்றாள். வீட்டில் கேட்பதைவிடக் குறைவுதான் என்றார். நாற்பதும் முடிந்து, பொட்டலம் கட்டி, வேன் கிளம்பிய பிறகே மழை பலமாகப் பிடித்தது. அது பெய்துவிட்டுப் போகட்டும்.

ஐந்தரை மணிக்கு வேலாயுதம் சார் போன் செய்தார்.

ஒரு ஷாஃப்ட்டில், படலத்துக்கு அடியில், மஞ்சளாக ஒரு புள்ளி இருக்கிறதாம். துருவா என்று கேட்டார்.

அந்த முதல் துப்பல். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பொய் வரவில்லை.

"துருவில்லீங்க சார். சந்தனமுங்க."

பொட்டு வைத்ததிலிருந்து ஊக்கால் குத்தியது வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

பிறகு, போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் யாரிடமோ பேசுவது மங்கலாகக் கேட்டது. அந்தப் பொட்டைத் துடைக்காதீர்கள், நாற்பதையும் அப்படியே உள்ளே எடுத்து வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.