பூசைக்கு வாங்கிய ஒயின்

"பாதர், நீங்க ஒரு திருடன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெர்சில்லாவின் சாப்பாட்டுக் கடையில் ஊரே உட்கார்ந்திருக்கும் நேரம். உள்ளே வந்ததும் எவாசியோ சொன்ன முதல் வார்த்தையே இதுதான். பாதர் செவெரினோ கையில் சீட்டோடு நிமிர்ந்து பார்த்தார்.

பாதர் திருடனா இல்லையா என்பதைவிட, எவாசியோ அந்தக் கடைப் படியை மிதித்ததுதான் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். தெர்சில்லா அவருடைய கூடப்பிறந்த அக்கா. அப்பா செத்துச் சொத்தைப் பிரித்தபோது திராட்சைத் தோட்டம் தம்பிக்கு வந்தது, கடை அக்காவுக்குப் போனது.

"அந்தக் கிரின்யோலினோ கொடியைப் பிடுங்கிட்டு நல்லாக் கறுத்த பார்பெரா திராட்சையை நடுடா. இந்த வெளிறிப்போன ஒயினை எவன் குடிப்பான்?" என்று அக்கா அப்போதே எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். என் ஒயினில் ஒரு சொட்டுகூட உன் கடைக்கு வராது என்று தம்பி அன்றைக்கே சத்தியம் செய்தார். அதோடு பேச்சு வார்த்தை நின்றது.

கிரின்யோலினோ பார்க்க அப்படித்தான் இருக்கும். சிவப்புத் திராட்சைதான், ஆனால் ஒயின் தண்ணீர் விட்ட மாதிரி தெரியும். பழத்தில் கொட்டை அதிகம், அதனால் குடித்து முடித்ததும் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். எங்கள் மலையில் மற்ற எல்லாரும் அதைப் பிடுங்கிவிட்டோம். பிடிவாதக்காரர் எவாசியோ மட்டும் வைத்திருந்தார். வாங்க ஆளில்லாமல் அவரும் மறுநாள் டிராக்டர் விட்டுக் கொடியெல்லாம் பிடுங்கப் போகிறார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. டிராக்டர்காரர் பியோ, பாதருக்கு எதிரில்தான் சீட்டாடிக்கொண்டிருந்தார்.

எவாசியோவுக்குப் பின்னால் ஜினெவ்ரா நின்றாள். டூரின் நகரத்தில் ஒயின் கடை வைத்திருப்பவள். யாருக்கும் தெரியாத ஒயின்களைத் தேடி மலை மலையாகச் சுற்றுகிறவள். முந்தின நாள் இதே கடையில், ஜாடியில் வந்த ஒயினைப் பார்த்துத் தண்ணீர் கலந்தீர்களா என்று கேட்டாள்.

"முதல்ல குடிங்க, அப்புறம் பேசுங்க" என்றார் தெர்சில்லா.

குடித்தாள். அப்புறம் பேச்சே இல்லை, இன்னொரு ஜாடிதான். யார் தோட்டத்து ஒயின் என்று கேட்டதற்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் என்று எங்களுக்குச் சொல்லும் அதே பதில்தான் அவளுக்கும் கிடைத்தது.

அன்று காலை எவாசியோவின் தோட்டத்துக்குப் போய் ஒரு வாய் குடித்திருக்கிறாள். ஜாடி ஒயினும் இதுவும் ஒன்றுதான் என்று அவள் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. என் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் குடிக்கச் சொல்வேன், கொடியை மட்டும் பிடுங்காதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். எவாசியோவின் காதில் அதெல்லாம் விழவில்லை. தன் ஒயின் அக்கா கடையில் இருக்கிறது என்பது மட்டும்தான் விழுந்தது.

"நான் வித்தது இவர் ஒருத்தருக்குத்தான்" என்று பாதரைக் காட்டினார் எவாசியோ. "பூசைக்குன்னு கேட்டாரு. எனக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. இருந்தாலும் பெரியவர் கேட்கிறாரேன்னு குடுவை குடுவையா குடுத்தேன். அதைக் கொண்டாந்து இந்தக் கடைக்காரம்மாகிட்ட வித்திருக்காரு."

நாங்கள் எல்லாரும் எங்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டோம். எவாசியோ போடுவதெல்லாம் ஒயினா, கிரின்யோலினோ என்றால் இதுதான் என்று இந்த ஜாடியைக் காட்டித்தான் அவரைக் கிண்டல் செய்துவந்தோம். பியோ தன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். பூசைக்கு என்றதும் கோயிலுக்குப் போகிற எங்களுக்கு ஏதோ இடித்தது. ஆனால் சண்டை சுவாரஸ்யமாக இருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பாதர் எதையோ சொல்ல வந்தார். தெர்சில்லாவைப் பார்த்ததும் முழுங்கிவிட்டார். முகம் சிவந்துவிட்டது. சரி, திருடன்தான் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

"பாதர் தப்புப் பண்ணியிருக்கலாம். கொடி என்ன பண்ணுச்சு?" என்றாள் ஜினெவ்ரா.

"சாமி பேரைச் சொல்லி ஏமாத்தினாத்தான் இது விக்கும்னா, எனக்கு இது வேண்டாம்மா. பியோ, காலையில சீக்கிரமா வந்துடு."

தெர்சில்லா கையிலிருந்த ஜாடியை மேசைமேல் வைத்தார்.

"நீ கடைசியா எப்போடா கோயிலுக்கு வந்தே?"

இத்தனை வருஷத்தில் தம்பியிடம் அவர் பேசியது இதுதான் முதல் தடவை.

"அப்பா சாவுக்கு" என்றார் எவாசியோ.

"அதுவும் வாசல்லயே நின்னுட்டே. உள்ள வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இங்க பூசைக்கு வெள்ளை ஒயின்தான்டா. பீடத்துணியைத் துவைக்கிறவ நான். அதுல சிவப்புக் கறை விழ விடுவேனா?"

எவாசியோ பாதரைப் பார்த்தார். பாதர் சீட்டைப் பார்த்தார்.

"பொய் சொல்ல மாட்டேன்னுதான் பாதர் சொன்னாரு. பாவம் என் தலையில விழட்டும்னு கெஞ்சி நான்தான் அனுப்பினேன். நான் வந்து கேட்டிருந்தா நீ குடுத்திருப்பியா?" கல் நெஞ்சுக்காரி என்று ஊர் பேர் வைத்திருந்த தெர்சில்லாவின் குரல் உடைந்தது. "வருஷா வருஷம் உங்கிட்ட வாங்கினது சாமி இல்லடா. நான்."

எவாசியோ பாதருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பியோவைப் பார்த்து, நாளைக்கு வர வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"சாப்பிட என்னக்கா இருக்கு?" என்றார்.